மிகத் தெளிவாகத் தெரிந்தது

தொல்சின்னக் காப்பு ஆணையத்தின் பதிவேட்டின்படி அந்த மலையின்மேல் பதினோரு வருடமாக மழை பெய்ததில்லை. மூடுபனி இறங்கியதில்லை. காற்றுகூட ஏதோ பேருக்குத்தான் அடித்திருக்கிறது. ஆணையம் சொன்னால் சொன்னதுதான் என்பதால், அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய நாற்பது பேரின் மூக்கு நுனியிலும் சொட்டிக்கொண்டிருந்தது என்னவென்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

அந்த நாற்பது பேரில் தராசுக்காரரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். தராசுக்காரர் என்றால் கடைத்தெருவில் கோணிப்போன தராசுகளைப் பிரித்து, துடைத்து, முள்ளை நேராக்கிக் கொடுக்கிறவர். இருபத்தெட்டு வருடமாக அதுதான் தொழில். "கொஞ்சம் நம்ம பக்கம் சாயற மாதிரி வெச்சுக் குடுங்க" என்று குழைந்துகொண்டு வந்த வியாபாரிகளை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவரிடம் பெருமைப்பட வேறு என்ன இருந்தது!

அக்கா சட்டைக் கம்பெனியில் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அந்தக் காஜாதான், அவருடைய கண்ணைத் தின்றதும் அதுதான். ஒரு கண் போன வருடமே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணுக்கு எழுத்து தெரியாது, ஊசிமுனை தெரியாது. வெளிச்சம் நன்றாக இருந்தால் தூரத்தில் இருப்பது மட்டும் தெரியும். அந்தக் கண்ணில் வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

"சரியா வந்தா நல்லாவே வரும்மா. வரலைன்னா இருக்கறதும் போயிடும். எதுக்கும் அதுக்குள்ள பாக்கணும்னு ஏதாவது இருந்தா பாத்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய பித்தான் டப்பா மூடியில் ஆறு தூண் மாடத்தின் படம் உண்டு. ரெண்டாயிரம் வருடத்துக் கட்டடம், உலகமே வந்து பார்க்கிறது. அந்த மூடியில் ஆறு தூண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. மேல் பாதியைத் துரு தின்றுவிட்டது. "மேல என்னடா இருக்கும்?" என்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு படத்தில் காட்டலாம் என்றால், ஆணையம் யாரையும் படம் எடுக்க விடுவதில்லை. அக்காவுக்கும் அது வேண்டாம். "பாத்தா நேர்லதான் பாக்கணும்" என்பார். "அடுத்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று தம்பி சொல்வார். மாடம் இருந்தது மூன்று மணி நேர பஸ் தூரத்தில். அந்த மூன்று மணி நேரத்தைக் கடக்க அவருக்கு இருபத்தெட்டு வருடம் பிடித்தது. டாக்டர் சொன்ன அன்று இதை நினைத்து அவர் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஊழியர் கையை நீட்டினார்.

"குடையைக் குடுங்க."

"மழை பெய்யுதே சார்?"

"எங்க?"

தராசுக்காரர் மேலே காட்டினார். ஊழியர் மேலே பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். "வானிலை, நன்று. பார்வைத் தெளிவு, மிக நன்று. போட்டிருக்கே, பாக்கலையா நீங்க?"

"இதை யார் சார் எழுதறாங்க?"

"வருஷ ஆரம்பத்துலயே முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளைக்கும் அச்சாகி வந்துடும். நீங்க குடை பிடிச்சா பின்னால நிக்கறவங்களுக்கு மாடம் மறைக்கும். சட்டப்படி தப்பு."

"இப்பவே மாடம் தெரியலையே?"

"அதான் சொல்றேன். குடை பிடிச்சா எப்படித் தெரியும்?"

தராசுக்காரர் மறுபடி மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடை உள்ளே போய், ஒரு பித்தளை வில்லை வெளியே வந்தது. போகும்போது திருப்திப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் குடை திரும்பக் கிடைக்கும். நுழைவுச் சீட்டில் மாடத்தின் படம் இருந்தது. அக்கா ஆசையோடு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மேல என்ன போட்டிருக்குடா?" படத்தின் மேல் பாதியில் ஆணையத்தின் வட்ட முத்திரை பளிச்சென்று குத்தியிருந்தது.

"முத்திரைக்கா. பரவால்ல, இப்ப நேர்லயே பாக்கப் போறோமே" என்றார் தம்பி.

மாடத்தைப் பார்க்கும் பழைய மேடைக்குப் போகும் வழியில் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். 'மழைக்கால மேடை' என்று ஓர் அம்புக்குறி வேறு பக்கம் காட்டியது. மழையே பெய்யாத மலையில் மழைக்கால மேடை எதற்கு என்று கேட்கக் கூடாது. மழையை மறுப்பது ஒரு பிரிவு, மேடை கட்டுவது இன்னொரு பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மேடை நல்ல மேடைதான். வழுக்காத தளம், பச்சை வண்ணமடித்த கைப்பிடிக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் காணோம். நாற்பது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்து நின்றார்கள். ஆணையத்தின் விளக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நீளமான கோலை நீட்டினார். கோலின் முனையும் பனிக்குள் போய் மறைந்தது.

"இதோ, உங்க கண்ணு முன்னாலயே கம்பீரமா நிக்குது பாருங்க, ஆறு தூண் மாடம்! ஒவ்வொரு தூணும் அறுபது அடி. இதைக் காப்பாத்த ஆணையத்துல முன்னூத்தி இருபது பேர் வேலை பாக்கறோம். தூணுக்கு அம்பத்து மூணு பேர். மிச்சம் ரெண்டு பேர் தலைமை அலுவலகத்துல இருக்காங்க. இடது ஓரத்துத் தூணைக் கவனிங்க. என்ன ஒரு நேர்த்தி!"

கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாதவர். அவர்தான் முதலில் "ஆகா!" என்றார். அதற்கப்புறம் தெரியாதவன் ஆக யாருக்குத் துணிச்சல் வரும்? "ஆகா" வரிசையாக ஒவ்வொரு வாயாகத் தொற்றிக்கொண்டு வந்தது. தராசுக்காரரின் வாயும், வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, பாதி திறந்துவிட்டது.

அக்கா மட்டும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஏங்க, மேல என்ன இருக்கு?" என்று விளக்குநரைக் கேட்டார்.

"நான் தூண் வரைக்கும்தாம்மா. தூணுக்கு மேல வேற ஆளு. அவர் லீவுல இருக்காரு."

"எனக்குத் தூணே தெரியலையே."

"ஆகா"க்கள் நின்றன. விளக்குநர் கோலை மெல்லக் கீழே வைத்தார். "யாரு தெரியலைன்னு சொன்னது?" என்று கேட்டார், அது யார் என்று நேராகப் பார்த்துக்கொண்டே. அக்கா கள்ளங்கபடில்லாமல் கையைத் தூக்கினார். அடுத்த ஐந்தாவது நிமிடம் அக்காவும் தம்பியும் திருப்தி அலுவலரின் அறையில் இருந்தார்கள். மற்ற முப்பத்தெட்டு பேரையும் வாசல் தாழ்வாரத்துக்கு அருகே மழையிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலை மறைத்து ஓர் அலமாரி, அலமாரியில் பதினொரு கேடயங்கள். திருப்தி அலுவலர் அன்பான மனிதர். அக்காவுக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டார், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார். எதனால் நனைந்தார்கள் என்று கேட்கவில்லை.

"சார், வெளியில இருக்கறவங்க எங்களைத் தப்பா நெனைக்கறாங்க. நாங்க மாடத்தைக் காப்பாத்தறோம்னு. அது கல்லு சார். ரெண்டாயிரம் வருஷமா தானா நிக்குது, நாங்க போனாலும் நிக்கும். நாங்க காப்பாத்தறது மக்களோட திருப்தியை. அதுதான் பட்டுன்னு உடையற சாமான். பதினோரு வருஷமா ஒருத்தர்கூடத் தெரியலைன்னு எழுதிக் குடுத்ததில்லை, தெரியுமா?"

"அப்படியா சார்?"

"எப்படி எழுதுவாங்க? படிவத்துல அதுக்கு இடமே வைக்கலையே." அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டே கட்டங்கள். 'தெளிவாகத் தெரிந்தது', 'மிகத் தெளிவாகத் தெரிந்தது'. "போன வருஷம் மூணு மாசம் பராமரிப்பு வேலை. மாடத்தைச் சுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். அப்பவும் நூத்துக்கு நூறு திருப்தி. தார்ப்பாயைப் பாத்துட்டு ஒருத்தர் கண்ணீரே விட்டுட்டார். ஜனங்க நல்லவங்க சார். நாமதான் அவங்களைச் சந்தேகப்படக் கூடாது."

"பனி மறைக்குது சார். அதைத்தான் அக்கா..." என்று தராசுக்காரர் ஆரம்பித்தார். அவர் அன்றைக்குப் பேசிய கடைசி நேரான வார்த்தை அதுதான்.

"பனின்னு எழுதிக் குடுங்க, தாராளமா. அப்ப மறுபார்வை விதி வரும். வந்த நாப்பது பேரும் மேடையில நின்னு திரும்பப் பாக்கணும். எல்லாருக்கும் தெரியற வரைக்கும். அது ஒரே ஒரு தடவை நடந்திருக்கு, நான் வந்த புதுசுல. மூணு நாள் நின்னாங்க. மூணாம் நாள் எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்றவர்கள் காதில் இது விழுந்துவிட்டது. தலைமையாசிரியர் வாசலில் தலையை நீட்டினார். "என்ன சார் இது? நாப்பது பேருக்குத் தெரிஞ்சது இந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாம போயிடுமா? இங்க குளிர்ல ஆளாளுக்கு நடுங்கிக்கிட்டு இருக்கோம். கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க."

தராசுக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது எழுதி ஒட்டாத குறைதான்.

அலுவலர் அதற்குள் அக்காவை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். எதிர்ச் சுவரில் கண் டாக்டர் வீட்டில் இருப்பது போன்ற எழுத்து அட்டை. அக்கா முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார்.

"அட, இவ்வளவுதானா விஷயம்!" அலுவலருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "மாடத்துல ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குத்தான் கண்ணுல குறை. அதுக்குத் தனிப் படிவமே இருக்கு. கூட வந்தவர் கையெழுத்துப் போட்டா போதும், மறுபார்வை வேண்டாம், குடையை வாங்கிட்டு எல்லாரும் கிளம்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. குறையுள்ளவர் முன்னிலையில சத்தமாப் படிக்கணும். அவங்களுக்குத் தெரியாம நாங்க எதையும் எழுத மாட்டோம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

தாள் தராசுக்காரர் கைக்கு வந்தது. அக்காவின் நனைந்த தலையிலிருந்து தண்ணீர் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், இப்போது சளி பிடித்தால் தள்ளிப்போகும். இது ஒரு காரணம். வாசலில் முப்பத்தெட்டு பேர். அது இன்னொரு காரணம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எந்த அதிகாரியைப் பார்த்தாலும் அவருக்கு மறுத்துப் பேச வராது என்பதுதான் உண்மையான காரணம். கடைக்காரர்களைத் திருப்பி அனுப்புவது வேறு. அவர்கள் அவருடைய வாசலில் நின்றார்கள். இங்கே அவர் இன்னொருவர் வாசலில் நின்றார்.

அவர் படித்தார்.

"என்னுடன் வந்தவர் பார்வைக் குறைபாடு உடையவர். ஆறு தூண் மாடம் என் கண்களுக்கு..."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"...என் கண்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். அதுவரை யார் சொன்னதையும் அக்கா நம்பியிருக்கவில்லை, அலுவலர் சொன்னதையும், விளக்குநர் சொன்னதையும். தம்பி சொல்வதற்காகத்தான் காத்திருந்தார்.

"நெசமாவாடா? உனக்குத் தெரிஞ்சுதா?"

அலுவலரின் பேனா நின்றது.

"தெரிஞ்சுதுக்கா" என்றார் தராசுக்காரர்.

"அப்ப என் கண்ணுதான்."

அவ்வளவுதான் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்கக்கூட இல்லை, உறையில் போட்டு மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். தராசுக்காரர் உடனே சொல்லிவிடலாம், இல்லக்கா, எனக்கும் ஒரு மண்ணும் தெரியல என்று. நாக்கு நுனிவரை வந்தது. கை அதற்குள் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தது.

அக்கா ரொம்ப நேரம் சோர்ந்திருக்கிற ஆள் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். "போகட்டும் விடு. நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சுதே. சொல்லு, மேல என்னடா இருந்துச்சு?"

தராசுக்காரர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். முத்திரை. அலுவலரைப் பார்த்தார். அவர் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அவர்களைக் கூட்டிவந்த விளக்குநர் கதவோரம் தன் கோலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பறவைக்கா."

"பறவையா!"

"ஆமா. கல் பறவை. ரெண்டு சிறகையும் நல்லா விரிச்சுக்கிட்டு."

"நான் நெனச்சேன்! அப்படி ஏதோதான் இருக்கணும்னு நெனச்சேன்டா!" என்று அக்கா அவர் கையை அழுத்தினார். விளக்குநர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'பறவை, சிறகு விரித்தது' என்று குறித்துக்கொண்டார்.

வெளியே மற்றவர்களும் ஆளுக்கொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் 'மிகத் தெளிவாக' என்ற கட்டத்தையே தேர்ந்தெடுத்ததாகவும், பன்னிரண்டாவது கேடயம் அநேகமாக உறுதி என்றும் அலுவலர் வழியனுப்பும்போது கண் கலங்கச் சொன்னார். குடைகள் வந்தன. அவைதாம் அந்த மலையில் நனையாமல் இருந்தவை.

பஸ் இறங்கத் தொடங்கியது. அக்காவுக்கு ஜன்னலோரம், தம்பி பக்கத்தில். இரண்டு வளைவு தாண்டியதும் மழை நின்றது. மூன்றாவது வளைவில் யாரோ போர்வையை உருவியதுபோல் பனி மொத்தமாக விலகி, வெயில் சுள்ளென்று அடித்தது.

மாடம் நின்றது.

இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அவர்கள் காலையில் பார்த்து ஆகா போட்ட திசைக்கு நேர் எதிர்த் திசையில் நின்றது. ஆறு தூண்களும் வெயிலில் ஈரம் மின்ன, ஒன்றுகூடக் குறையாமல் நின்றன. கொஞ்சம் தள்ளிப் பச்சைக் கம்பியோடு மழைக்கால மேடையும் தெரிந்தது. அது மாடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெறும் பள்ளத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. வழுக்காத இடம் பார்த்துக் கட்டியிருப்பார்கள். மழை நாளில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஒன்றுதானே.

ஆறு தூண்களுக்கும் மேலே, கல்லிலேயே செதுக்கிய ஒரு பெரிய குடை விரிந்திருந்தது.

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் நகத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் தன் குடையின் கைப்பிடியை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தப் பஸ்ஸில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் அக்காதான். வெயில் முகத்தில் பட்டதும் அவர் பைக்குள் கைவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே பார்த்தார்.

"தம்பி! அதோ, அது என்னடா?"

தராசுக்காரர் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க பாருடா. காலு காலா நிக்குதே. ஒண்ணு, ரெண்டு... எனக்கு எண்ண முடியுதுடா! ஆறு!" அக்கா அவர் தோளைத் தட்டினார். "நம்ம மாடத்துக்கும் ஆறுதானே?"

ஒரே ஒரு வார்த்தை. அதான்க்கா இது என்றால் போதும். முப்பது வருடமாகக் கேட்டதை, செவ்வாய்க்கிழமைக்கு முன்னால், அக்கா தன் சொந்தக் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்ப மேல நீ எதைப் பாத்தே? அந்தப் பறவை எங்க? நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார்?

"அது தண்ணித் தொட்டிக்கா" என்றார்.

சொல்லிவிட்டு, யாராவது எழுந்து தன்னை ஓங்கி ஒரு அறை விட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு. முன் இருக்கையிலிருந்து தலைமையாசிரியர் திரும்பினார்.

"தண்ணித் தொட்டிதாம்மா. இங்க எதைக் கட்டினாலும் மாடம் மாதிரியே ஆறு கால் வெச்சுத்தான் கட்டணும்னு ஆணையத்தோட உத்தரவு" என்றார்.

"ஆமா, ஆமா" என்றது பஸ்.

"மேல குடை மாதிரி ஒண்ணு இருக்கே?"

"மூடிக்கா. தூசி விழாம இருக்க."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த வளைவில் ஒரு பாறை வந்து அதை மறைக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தொட்டி மூடியையே இவ்வளவு லட்சணமா செதுக்கியிருக்கானே. அப்ப நீ பாத்தது எப்படி இருந்திருக்கும்!" முன்னால் இருந்த தலைமையாசிரியரிடம் சொன்னார்: "சார், இவன் சொன்னா அப்படியே எடுத்துக்கலாம். என் தம்பிங்கறதுக்காகச் சொல்லலை. இவன் கைபட்ட தராசுல முள்ளு ஒரு நூல் இப்படி அப்படிப் போகாது."

"தெரியுதும்மா" என்றார் தலைமையாசிரியர், திரும்பாமல்.

தராசுக்காரர் மடியிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடையைத் திறந்து இனி எந்த முகத்தோடு ஒரு தராசின் முன்னால் குனிவது என்று தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை கண்ணைக் கட்டிடுவாங்க இல்ல" என்றார் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. "எத்தனை நாளோ. அத்தனை நாளும் நீ சொன்ன பறவையையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். அது எந்தப் பக்கம்டா பாத்துக்கிட்டு இருந்துச்சு?"

"நம்ம பக்கம்தான்க்கா" என்றார் தராசுக்காரர்.

முன் இருக்கையில் தலைமையாசிரியர் ஆமாம் என்று தலையாட்டினார்.